டிராவல் டிரெய்லர் சுவரில் ஜன்னல் திரை நிற்கவே மாட்டேன் என்கிறது, என்ன செய்வது?

நிழல்தேடி
சனி, இரவு 10.20

எல்லோருக்கும் வணக்கம். இந்தத் திரை விஷயத்தில் தொடர்ந்து தோற்றுக்கொண்டே இருக்கிறேன். அதனால்தான் இங்கே வந்தேன்.

எங்களுடையது டிராவல் டிரெய்லர், காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் வீட்டு வண்டி. படுக்கைக்கு மேலே உள்ள ஜன்னலுக்கு மடிப்புத் திரை. வண்டியோடு வந்தது. மேல்பட்டையைச் சுவரோடு பிடிக்க இரண்டு பிராக்கெட், கீழே இரண்டு பக்கமும் கயிறு கட்டச் சின்னப் பிளாஸ்டிக் குமிழ். முதலில் இடது பிராக்கெட் கழன்றது. அதே துளையில் கொஞ்சம் தடித்த ஸ்க்ரூ போட்டேன், ஒரு பயணம் தாங்கியது. அடுத்த முறை துளைக்குள் பல்குச்சிகளைப் பசையோடு திணித்து, காயவிட்டு, மறுபடி முடுக்கினேன். அது இரண்டு பயணம். போன வாரம் நடு இரவில் 'டக்' என்று ஒரு சத்தம், முழுத் திரையும் என் முகத்தில். பாம்பு விழுந்துவிட்டது என்று நினைத்து வீட்டுக்காரர் விளக்கைத் தேடி ஓடினார்.

இப்போது சுவரில் இருப்பதைத் துளை என்று சொல்ல முடியாது. சுண்டுவிரல் நுனி போகிறது. ஓரத்தில் வால்பேப்பர் கிழிந்து தொங்குகிறது. உள்ளே மஞ்சளாகப் பஞ்சு மாதிரி ஏதோ இருக்கிறது. தொட்டுப் பார்த்தேன், விரல் இன்னும் அரிக்கிறது.

சுவரைப் பிரிக்காமல் இதை நிரந்தரமாக மாட்ட வழி உண்டா? மீதி நான்கு ஜன்னல்களிலும் திரை ஆட ஆரம்பித்துவிட்டது.

மரைகழன்றவன்
சனி, இரவு 10.41

இன்னும் தடித்த ஸ்க்ரூ. அது கழன்றால் அதைவிடத் தடித்தது. என் வண்டியில் இப்படியே போய்க் கடைசியில் ஒரு போல்ட்டில் வந்து நின்றேன். :)

விளையாட்டுக்குச் சொன்னேன், செய்துவிடாதீர்கள். தச்சுப்பட்டறை அண்ணன் வருவார், அவரிடம் கேளுங்கள்.

தச்சுப்பட்டறை
ஞாயிறு, காலை 6.15

நிழல்தேடி, முதலில் அந்தப் பஞ்சைத் தொடாதீர்கள். அது கண்ணாடி இழை. டேப் நுனியால் விரலை ஒற்றி எடுத்துவிட்டு, தேய்க்காமல் தண்ணீரில் கழுவுங்கள்.

அந்தப் பஞ்சு ஒரு நல்ல துப்பும் கொடுத்திருக்கிறது. உங்கள் வண்டி பெரும்பாலும் மரச்சட்ட வண்டி. ஒன்றரை அங்குலக் கட்டைகளால், அதாவது ஏறக்குறைய 38 மி.மீ. கனத்தில் கூடு அடித்து, இடைவெளியில் கண்ணாடிப் பஞ்சை அடைத்து, வெளியே தகடு, உள்ளே மெல்லிய பிளைவுட் வைத்து மூடியிருப்பார்கள். உள்பக்கப் பிளைவுட் 3 மி.மீ.தான், சிலவற்றில் அதுவும் இருக்காது. அதன்மேல் வால்பேப்பர் மாதிரி ஒரு வினைல் படலம். நாம் சுவர் என்று சொல்வது உண்மையில் அட்டையைவிடக் கொஞ்சம் கெட்டியான ஒரு தோல்.

ஸ்க்ரூ பிடிப்பது மரையால். மரைக்கும் மரைக்கும் நடுவே ஒன்றரை, இரண்டு மி.மீ. இடைவெளி என்று வைத்துக்கொண்டால், 3 மி.மீ. பலகையில் எத்தனை மரை உட்காரும்? ஒன்றரை. அந்த ஒன்றரை மரையை நம்பித்தான் திரை தொங்குகிறது. வண்டி ஓடும்போது திரை ஆட ஆட ஸ்க்ரூ தன் துளையைத் தானே அரம் போல ராவிப் பெரிதாக்கிக்கொள்கிறது. பல்குச்சி வைத்தியம் கதவுக் கீல் மாதிரி கனமான மரத்தில் அருமையாக வேலை செய்யும். இங்கே குச்சியைச் சுற்றிப் பிடிக்க மரம் எங்கே இருக்கிறது? பின்னால் பஞ்சுதான்.

அதனால் எந்த ஸ்க்ரூ, எந்தப் பசை என்று தேடாதீர்கள். உங்கள் பிராக்கெட்டுக்குப் பின்னால் சட்டம் இருக்கிறதா, இல்லையென்றால் பக்கத்தில் எங்கே இருக்கிறது, அதைக் கண்டுபிடியுங்கள். மீதி எல்லாம் அரை நாள் வேலை.

புதுச்சாவி
ஞாயிறு, காலை 8.02

அண்ணா, நடுவில் நுழைகிறேன். என் வண்டிச் சுவரில் துளை போட்டால் டிரில் பிட்டோடு வெள்ளை வெள்ளையாகத் தெர்மோகோல் உருண்டைகள் ஒட்டிக்கொண்டு வருகின்றன. கையில், சட்டையில், எங்கும். அது என்ன வகை?

கேரவன்தாத்தா
ஞாயிறு, காலை 9.30

அது அழுத்தி ஒட்டிய சுவர் தம்பி. தெர்மோகோல் பலகையை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் தோலை ஒட்டி, ஒரே பலகையாக அழுத்தி எடுத்தது. உள்ளே சட்டம் பெரும்பாலும் அலுமினியக் குழாய். ஜன்னலைச் சுற்றி ஒரு குழாய் ஓடும், அதைத் தவிர அங்கங்கே ஒன்றிரண்டு.

சட்டத்தைக் கண்டுபிடிக்க இரண்டு பேருக்கும் வேறு வேறு வழி.

நிழல்தேடி அம்மா, உங்களுக்குக் காந்தம் போதும். சின்னதாக, ஆனால் சக்தி உள்ளதாக ஒன்று. அதை ஒரு நூலில் கட்டிச் சுவரை ஒட்டித் தொங்கவிட்டு மெதுவாக நகர்த்துங்கள். மரச்சட்டத்தில் பிளைவுட்டை இரும்பு ஸ்டேப்பிள் ஊசியால்தான் பெரும்பாலும் அடித்திருப்பார்கள். ஊசி இருக்கும் இடம் வந்ததும் காந்தம் சும்மா தொங்காமல் சுவர்ப்பக்கம் சாய்ந்து ஒட்டிக்கொள்ளும். அங்கே பென்சிலால் ஒரு புள்ளி. இருபது புள்ளி வைத்த பிறகு நான்கடி தள்ளி நின்று பாருங்கள், கோலம் போடுவதற்கு முன்னால் வைத்த புள்ளி மாதிரி சட்டம் எங்கே ஓடுகிறது என்று தானாகத் தெரியும்.

புதுச்சாவி தம்பி, அலுமினியம் காந்தத்துக்கு மசியாது. விடியற்காலையில் எழுந்து வண்டியை வெளியிலிருந்து பாருங்கள். பனி பெய்த நாளில் சட்டம் ஓடும் இடமும் தெர்மோகோல் இருக்கும் இடமும் ஒரே மாதிரி காய்வதில்லை. உலோகம் சூட்டைக் கடத்தும், தெர்மோகோல் கடத்தாது, அதனால் சுவரில் கூடு கூடாகக் கோடு தெரியும். நான் என் பழைய வண்டியின் எலும்புக்கூட்டை முதலில் பார்த்தது அப்படித்தான். போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பத்து நிமிடத்தில் மறைந்துவிடும்.

அம்பதுகிலோமீட்டர்
ஞாயிறு, காலை 11.12

எதற்கு இத்தனை ஆராய்ச்சி? நல்ல டபுள் சைடு டேப் போதும். 3எம் கம்பெனியின் விஎச்பி டேப் இருக்கிறதே, அதில் பிராக்கெட்டை ஒட்டினேன். துளையே கிடையாது. இரண்டு வருடம் ஆகிறது, அசையவில்லை.

ஆனால் ஒட்டுவதற்கு முறை உண்டு. ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடைத்துக் காயவிட வேண்டும். 10 டிகிரிக்குக் கீழே குளிர் இருந்தால் ஒட்டவே கூடாது. ஒட்டியதும் நன்றாக அழுத்தம் கொடுக்க வேண்டும், அப்புறம் பொறுமை. அறை வெப்பத்தில் இருபது நிமிடத்தில் பாதி பலம்தான் வரும், ஒரு நாளில் 90 சதவீதம், முழுப் பலம் வர 72 மணி நேரம். எல்லோரும் ஒட்டிய கையோடு திரையை மாட்டிவிட்டு டேப்பைத் திட்டுகிறார்கள்.

தச்சுப்பட்டறை
ஞாயிறு, மதியம் 1.40

அம்பது, டேப்பை நான் குறை சொல்ல மாட்டேன். டேப் விடாது. ஆனால் எதன்மேல் ஒட்டுகிறீர்கள்? வினைல் படலத்தின் மேல். அந்தப் படலம் பிளைவுட்டில் எப்படி ஒட்டியிருக்கிறது? வெயிலில் பூட்டிக்கிடந்த வண்டியில் அந்தப் பசை இளகினால், டேப்போடு படலமும் சேர்ந்து ஓர் உள்ளங்கை அகலத்துக்கு உரிந்து வரும். பாத்திருக்கேன். இன்னொன்று, வினைலை மெத்தென்று வைக்கச் சேர்த்திருக்கும் எண்ணெய்ப்பசை காலப்போக்கில் மேலே கசிந்து டேப்பின் பிடியைக் கெடுக்கும்.

உங்கள் வண்டியில் உள்சுவர் என்ன?

அம்பதுகிலோமீட்டர்
ஞாயிறு, மதியம் 2.05

…ஃபைபர்கிளாஸ்.

தச்சுப்பட்டறை
ஞாயிறு, மதியம் 2.09

அதான். வழவழ ஃபைபர்கிளாஸில் ஒட்டினால் ஏன் நிற்காது? உங்களுக்குச் சரி. அவருக்குச் சரிவராது.

ஓட்டைவாளி
ஞாயிறு, மாலை 5.50

யாராவது சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். ஜன்னலைச் சுற்றி உள்பக்கம் ஒரு வளையம் இருக்கிறதே, சுற்றிலும் ஸ்க்ரூ போட்டு வைத்திருப்பார்கள், அதில் பிராக்கெட்டை மாட்டலாம் என்று ஒரு நாள் உங்களுக்குத் தோன்றும். ஏற்கெனவே துளை இருக்கிறது, ஏற்கெனவே ஸ்க்ரூ இருக்கிறது, எல்லாம் நேராகவும் இருக்கிறது. எனக்கும் தோன்றியது. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

வளையத்தின் மேல் ஓர ஸ்க்ரூ இரண்டைக் கழற்றி, பிராக்கெட்டை வைத்து, கொஞ்சம் நீளமான ஸ்க்ரூவால் முடுக்கினேன். திரை கம்பீரமாக நின்றது.

அந்த வளையம் அலங்காரத்துக்கு இல்லை. ஜன்னலின் வெளிச்சட்டமும் உள்வளையமும் சுவரை நடுவில் வைத்து ரொட்டிக்குள் வைத்த மாதிரி அமுக்குகின்றன. அந்த அமுக்கத்தில்தான் வெளியே இருக்கும் பியூட்டைல் டேப் நசுங்கித் தண்ணீரைத் தடுக்கிறது. நான் நடுவே பிராக்கெட்டைச் செருகியதும் அந்த மூலையில் அமுக்கம் மாறிவிட்டது. போதாக்குறைக்கு நீள ஸ்க்ரூ உள்ளே முட்டிக்கொண்டு நின்றதை நான் 'நன்றாக இறுகிவிட்டது' என்று எடுத்துக்கொண்டேன்.

மழைக்காலம் வந்தது. ஜன்னலுக்குக் கீழே சுவர் லேசாக அலை அலையாக இருப்பது போல் தெரிந்தது, வெளிச்சம் பட்டதால் என்று நினைத்தேன். ஒரு நாள் சாய்ந்து உட்கார்ந்தபோது முழங்கை உள்ளே அமுங்கியது. பிளைவுட் ஊறிப்போன பிஸ்கட் மாதிரி. ஜன்னலையே கழற்றி, கீழ்க்கட்டையை வெட்டி மாற்றி, புது டேப் வைத்து மாட்டினோம். இரண்டு பிராக்கெட்டுக்காக இத்தனையும்.

அந்த ஸ்க்ரூக்களைத் தொடாதீர்கள்.

நிழல்தேடி
ஞாயிறு, இரவு 8.30

ஐயோ, உண்மையைச் சொல்கிறேன், காலையில்தான் அந்த வளையத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நன்றி ஓட்டைவாளி.

தாத்தா சொன்ன காந்தம் போட்டேன். பையனின் விளையாட்டுப் பெட்டியிலிருந்து ஒன்று கிடைத்தது. நூலில் கட்டி நகர்த்த நகர்த்த அது திடீரென்று சுவரில் 'ப்ச்' என்று முத்தம் கொடுக்கிறது. மொத்தக் குடும்பமும் கூடிவிட்டது.

கண்டுபிடித்தது இதுதான். ஜன்னலின் மேல்பக்கம் படுக்கைவாட்டில் ஒரு கட்டை ஓடுகிறது, ஆனால் அது வளையத்தை ஒட்டியே இருக்கிறது. பாதிக்கு மேல் வளையத்துக்கு அடியில் மறைந்துவிட்டது, வெளியே தெரிவது ஒரு விரல் அகலம்கூட இல்லை. பிராக்கெட் இருந்த இடம் அதற்கு மூன்று விரல் மேலே. அதாவது வெறும் தோலில்! இடது பக்கம் செங்குத்துக் கட்டை ஜன்னலை ஒட்டி மேலே போகிறது. வலது பக்கம் அடுத்த கட்டை ஒரு சாண் தள்ளி.

ஐந்து ஜன்னலிலும் இதே கதை. ஒன்றில்கூடப் பிராக்கெட்டுக்குப் பின்னால் கட்டை இல்லை.

புதுச்சாவி
ஞாயிறு, இரவு 9.10

பிளாஸ்டிக் கட்டை, அதாவது வீட்டுச் சுவரில் துளை போட்டு அடிப்போமே, அது உதவாதா? இல்லை, பின்னால் போய் இறக்கை விரிக்கும் வகை?

மரைகழன்றவன்
ஞாயிறு, இரவு 9.45

இதில் எனக்கு முனைவர் பட்டமே கொடுக்கலாம், எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்தவன்.

செங்கல் சுவருக்கான பிளாஸ்டிக் கட்டை: வேண்டாம். அது சுற்றிலும் இறுக்கமான பொருள் இருந்தால்தான் விரிந்து பிடிக்கும். 3 மி.மீ. பலகையில் துளையை இன்னும் பெரிதாக்கிவிட்டுச் சுழன்றுகொண்டே இருக்கும்.

இறக்கை விரிக்கும் வகை: மரச்சட்ட வண்டியில் பஞ்சைக் கொஞ்சம் தள்ளிவிட்டு விரியும், பரவாயில்லை. தெர்மோகோல் சுவரில் விரிய இடமே இல்லை. ஒரு ஆணியை வளைத்து டிரில்லில் மாட்டி உள்ளே தெர்மோகோலைக் குடைந்து இடம் பண்ணினேன். ரொம்ப ஆசையாகக் குடைந்துவிட்டேன், வெளித்தோல் வரை போய்விட்டது.

மெல்லிய கதவுப் பலகைக்கென்றே குட்டையாக ஒரு உலோக வகை வருகிறது, பின்னால் குடை மாதிரி மடங்கிப் பிடிக்கும். இருப்பதில் அதுதான் தேவலை. வாங்கும்போது எத்தனை மி.மீ. கனத்துக்கு என்று பாருங்கள். வீட்டு ஜிப்சம் பலகைக்கான நீள வகை இங்கே இறுகாது. ரப்பர் உடம்புக்குள் பித்தளை நட் வைத்த ஒன்றும் உண்டு, முடுக்கினால் ரப்பர் உப்பிக்கொள்ளும். அதிர்வுக்கு அது நல்லது. ஒரே குறை, துளை பெரிதாக வேண்டும்.

அலுமினியக் குழாய் நேராகச் சிக்கினால் ரிவெட் நட் போடுங்கள், அதாவது துளைக்குள் போய்ப் பின்னால் மடங்கிப் பிடித்துக்கொள்ளும் மரை வைத்த நட். குழாயின் தகடு மெலிது, சாதாரண ஸ்க்ரூவின் மரை ஒன்றிரண்டுதான் அதில் உட்காரும், நான்கு தரம் கழற்றி மாட்டினால் தேய்ந்துவிடும்.

ஒன்று சொல்லட்டுமா? இத்தனையும் போட்டுப் பார்த்த பிறகு இப்போது என் வண்டியில் நிற்பது மரக்கட்டைதான்.

கேரவன்தாத்தா
திங்கள், காலை 7.20

திரை ஏன் கழன்றது என்று யாரும் கேட்கவே இல்லையே. ஒரு மடிப்புத் திரை என்ன எடை இருக்கும்? கையில் எடுத்துப் பாருங்கள், ஒரு செருப்பு கனம்கூட இருக்காது. அந்த எடைக்கு ஒன்றரை மரையே போதும்.

கெடுப்பது கயிறு. இந்தத் திரை பாதியில் நிற்பது கயிற்றின் இறுக்கத்தால். மேல்பட்டையிலிருந்து திரை வழியாக வந்து கீழ்க் குமிழில் கட்டியிருக்கும் கயிறு, பிராக்கெட்டை இரவு பகலாகக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கிறது. பழசாகித் திரை நழுவ ஆரம்பித்ததும் நாம் என்ன செய்கிறோம்? கயிற்றை இன்னும் இறுக்குகிறோம். வீணைத் தந்தி மாதிரி. அப்புறம் ஒரு நாள் நடு இரவில் 'டக்'.

நிழல்தேடி அம்மா, உங்கள் கயிற்றை விரலால் சுண்டிப் பாருங்கள். சத்தம் வந்தால் அதிகம். திரையை எங்கே விட்டாலும் நிற்க வேண்டும், அதற்குமேல் ஒரு பொட்டுகூட இறுக்கம் வேண்டாம். கீழ்க் குமிழில் ஒரு சுற்று தளர்த்தினாலே வித்தியாசம் தெரியும்.

நிழல்தேடி
திங்கள், காலை 7.58

சுண்டினேன். சத்தம் வருகிறது. போன மாதம் இறுக்கியது நான்தான்.

தச்சுப்பட்டறை
திங்கள், இரவு 9.15

தாத்தா சொன்னதுதான் பாதி வைத்தியம். மீதிப் பாதிக்கு ஒரு ரீப்பர் கட்டை.

நிழல்தேடி, இடது செங்குத்துக் கட்டையிலிருந்து வலது செங்குத்துக் கட்டை வரை எட்டும் நீளத்துக்கு ஒரு பலகை எடுங்கள். வலது பக்கம் ஜன்னலைத் தாண்டி ஒரு சாண் நீளும், நீளட்டும். கனம் 18 மி.மீ., அகலம் நான்கு விரல். நல்ல பிளைவுட்டில் கீறியதாக இருந்தால் ஓரத்தில் ஸ்க்ரூ போட்டாலும் பிளக்காது. முன் ஓரங்களை உப்புத்தாளால் உருட்டிவிடுங்கள், படுக்கை மேலே இருப்பதால் தலை இடிக்கும்.

பலகையைச் செங்குத்துக் கட்டைகளில் ஒவ்வொரு முனையிலும் இரண்டு ஸ்க்ரூ. நடுவில் வளையத்தை ஒட்டி ஓடும் கட்டையில் இரண்டு, அது இடம் கொடுத்தால் மட்டும். இனி பிராக்கெட்டைப் பலகையில் எங்கே வேண்டுமானாலும் மாட்டலாம். திரையின் இழுப்பு ஒரு புள்ளியில் விழாமல் சட்டத்துக்கே போய்விடும்.

ஸ்க்ரூ நீளத்தை வாயால் சொல்லாமல் கணக்குப் போட்டு எடுங்கள். பலகை 18, சுவர்த்தோல் 3, ஆக 21. 40 மி.மீ. ஸ்க்ரூ என்றால் சட்டத்துக்குள் 19 போகும். சட்டம் 38 என்றால் வெளித்தகட்டுக்கு இன்னும் 19 பாக்கி. ஆனால் பழைய வண்டிகளில் சட்டம் மெலிதாக இருப்பதுண்டு. என் பேச்சை நம்பாமல் அளந்து பாருங்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஒரு ஸ்விட்ச் பெட்டியின் மூடியைக் கழற்றினால் சுவரின் கனம் தெரியும். டிரில் பிட்டில் எத்தனை ஆழம் என்று ஒரு டேப் சுற்றிக்கொண்டு முன்துளை போடுங்கள். கடைசி இரண்டு சுற்று கையால் முடுக்குங்கள், மெஷினால் வேண்டாம்.

வயர் விஷயம். ஜன்னலுக்கு மேலே வெளிவிளக்குக்கான 12 வோல்ட் வயர் அடிக்கடி ஓடும். வெளி இணைப்பைப் பிடுங்கி, பேட்டரியையும் துண்டித்துவிட்டுத் துளை போடுங்கள்.

ரசமட்டத்தை நம்பாதீர்கள். வண்டி நிற்கும் தரையே சாய்வாக இருக்கும்போது ரசமட்டம் எதைக் காட்டும்? ஜன்னல் வளையத்திலிருந்து இரண்டு முனையிலும் ஒரே அளவு வைத்துக் கோடு போடுங்கள். கண்ணுக்கு நேராகத் தெரிந்தால் அதுதான் நேர்.

மரைகழன்றவன்
திங்கள், இரவு 9.50

நீளக் கணக்கை இரண்டு தரம் போடுங்கள். எங்கள் பழைய வண்டியின் வெளிப்பக்கம் ஒரு பரு இருந்தது. நான் 50 மி.மீ. ஸ்க்ரூ போட்ட அன்று முளைத்தது. தகட்டைத் துளைக்கவில்லை, உள்ளிருந்து முட்டிக்கொண்டு நின்றது. விற்கும்வரை அந்தப் பக்கத்தைச் சுவரோடு ஒட்டியே நிறுத்தினேன்.

அம்பதுகிலோமீட்டர்
செவ்வாய், காலை 10.05

ஒரு கேள்வி. ஜன்னலுக்கு மேலே அலமாரி இருந்தால் பலகையே வேண்டாமே? அலமாரியின் அடிப்பாகத்தில் பிராக்கெட்டை மேல்நோக்கி முடுக்கிவிடலாம் அல்லவா?

தச்சுப்பட்டறை
செவ்வாய், மதியம் 12.30

அலமாரியின் அடிப்பலகையும் அதே 3 மி.மீ. தோல்தான் பல வண்டிகளில். அதோடு அங்கே இழுப்பு முழுவதும் ஸ்க்ரூவை நேராக வெளியே பிடுங்கும் திசையில் விழும். சுவரில் என்றால் பெரும்பகுதி குறுக்காக விழும். அலமாரியின் முன்சட்டமோ பின்சட்டமோ கட்டையாக இருந்து அதில் சிக்கினால் சரி. பலகையில் என்றால், உள்ளே ஒரு பட்டை வைத்து நட் போல்ட் போடுங்கள். சாமான்களுக்கு அடியில் நட் தெரியாது.

ஓட்டைவாளி
செவ்வாய், மாலை 6.40

படுக்கை ஜன்னல் என்கிறீர்கள். சிவப்புக் கைப்பிடி இருக்கிறதா? இருந்தால் அது அவசர வழி. அந்த ஜன்னல் முழுதாகத் திறக்கும்போது பலகையோ திரையோ தடுக்கக் கூடாது, கைப்பிடியைத் திரை மூடினாலும் இருட்டில் ஒரே இழுப்பில் விலக வேண்டும். கீழே கொக்கி போட்டு இறுக்கும் வேலையெல்லாம் அந்த ஜன்னலுக்கு வேண்டாம். குழந்தை தூங்கும் இடமாக இருந்தால் தொங்கும் கயிறும் வேண்டாம், கழுத்தில் சுற்றிக்கொள்ளும். அங்கே கயிறில்லாத ரோலர் திரை போட்டுவிடுவது மேல்.

வண்டியில் நீளும் அறை, அதாவது நிறுத்தியதும் பக்கவாட்டில் வெளியே தள்ளி, கிளம்பும்போது உள்ளே இழுத்துக்கொள்ளும் அறை, இருந்தால் அதையும் பாருங்கள். பலகை 18 மி.மீ., திரை ஒரு 40 என்று சுவரிலிருந்து துருத்திக்கொண்டு நிற்கும். அறை உள்ளே வரும்போது அந்த இடைவெளி இருக்கிறதா என்று அதே கனத்தில் ஒரு காலி அட்டைப்பெட்டியை ஒட்டி வைத்துச் சோதித்தால் போதும், நசுங்கினால் இடமில்லை.

புதுச்சாவி
செவ்வாய், இரவு 8.00

என் வண்டியில் சமையல் பக்க ஜன்னலுக்கு மேலே எங்கே தேடியும் குழாய் சிக்கவில்லை. அங்கே என்ன செய்ய?

தச்சுப்பட்டறை
செவ்வாய், இரவு 8.25

பலகையின் பின்பக்கம் முழுவதும் கட்டுமானப் பசையை வளைந்து வளைந்து பூசி ஒட்டுங்கள். பலகை வரும் இடத்தில் மட்டும் வினைல் படலத்தைக் கத்தியால் கீறி உரித்துவிட்டு வெறும் மரத்தில் ஒட்ட வேண்டும், அதுதான் முக்கியம். பசை காயும்வரை பிடிக்க மட்டும் நான்கைந்து குட்டை ஸ்க்ரூ. பிடிமானம் பரந்துவிடுவதால் தோலே தாங்கும். ஆனால் ஒரு முறை ஒட்டினால் ஒட்டியதுதான், பின்னால் மனசு மாறினால் சுவரோடு வரும்.

திரையே வேண்டாம் என்றால், ஜன்னல் அளவுக்கு வெள்ளிக் குமிழ்த்தாளை வெட்டி வளையத்துக்குள் செருகிவிடலாம். வெயிலுக்கு அதை அடிக்க ஆளில்லை. அழகுதான் இருக்காது.

நிழல்தேடி
அடுத்த திங்கள், இரவு 9.05

முடித்துவிட்டேன். முடித்துவிட்டோம் என்று சொல்ல வேண்டும், பலகையைப் பிடித்துக்கொண்டு நின்ற வீட்டுக்காரருக்கு இன்னும் தோள் வலி.

சுவர் கனத்தை அளந்தேன், தச்சுப்பட்டறை அண்ணன் சொன்ன கணக்கு சரியாகவே வந்தது. இடது பக்கம் முன்துளை போட்டபோது முதலில் 'பொசுக்' என்று தோல் விட்டது, அடுத்த நொடி டிரில் முனக ஆரம்பித்தது, பிட்டில் சுருள் சுருளாக மரத்தூள். பைன் மர வாசனை. இத்தனை நாள் அந்தச் சுவரில் போட்ட எந்தத் துளையிலும் அந்த வாசனை வந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வலது பக்கம் ஒரு தரம் தவறிப் பஞ்சில் போனது. இரண்டு விரல் தள்ளிப் போட்டேன், சிக்கியது. தவறிய துளை பலகைக்குப் பின்னால் மறைந்துவிட்டது, பழைய பள்ளமும்தான்.

ஒரு தப்பு நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். மேலே பலகையால் திரை 18 மி.மீ. முன்னால் வந்துவிட்டது. கீழ்க் குமிழ்கள் பழைய இடத்திலேயே சுவரோடு இருந்தன. திரையை இறக்கினால் வயிற்றை எக்கிக்கொண்டு நிற்பவர் மாதிரி உள்பக்கமாகச் சாய்ந்து வளையத்தில் உரசியது, கயிறும் கோணலாக ஓடியது. பலகையில் மிச்சம் இருந்த துண்டை இரண்டாக வெட்டிக் குமிழ்களுக்கு அடியில் வைத்தேன். இப்போது நேராக இறங்குகிறது, ஜன்னல் கைப்பிடியிலும் இடிக்கவில்லை. கீழேயும் அதே கனத்துக்குக் கட்டை வேண்டும் என்று நீங்கள் யாரும் சொல்லவில்லையே?

தச்சுப்பட்டறை
அடுத்த திங்கள், இரவு 9.20

சொல்லியிருக்க வேண்டும். என் தப்பு.

நிழல்தேடி
அடுத்த திங்கள், இரவு 9.31

பரவாயில்லை அண்ணா. சனி ஞாயிறு இரண்டு நாளும் மோசமான சாலையில் போய் வந்தோம். பாத்திரம் எல்லாம் இடம் மாறியிருந்தது, திரை அப்படியே இருந்தது. கயிற்றைச் சுண்டினேன், சத்தம் இல்லை.

இன்னும் நான்கு ஜன்னல் பாக்கி. சாப்பாட்டு மேசைப் பக்கத்து ஜன்னலில் காந்தம் எங்கேயும் ஒட்டவில்லை. அங்கே ஊசியே அடிக்கவில்லையா, இல்லை என் காந்தம் போதவில்லையா?

கேரவன்தாத்தா
செவ்வாய், காலை 6.50

அந்தச் சுவரைப் பசையால் ஒட்டியிருப்பார்கள் அம்மா. விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள், சத்தம் மாறும் இடத்தில் மெல்லிய ஊசி ஒன்றைக் குத்திப் பாருங்கள். பலகை மறைக்கப்போகும் இடத்தில் மட்டும் குத்துங்கள்.